பேசினால்தான் சோறு

விருந்துக்கு வந்தவர்களின் பன்னிரண்டு அரிவாள்களையும் அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் முத்துமாரியம்மாள். துரைப்பாண்டி வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவள் புருஷனை வெட்டிக் கொன்றவன் அவன்தான். அது அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

சுதந்திரம் வந்த வருஷம், ஆடித்தபசு பார்த்துவிட்டுக் குருவிகுளம் போய்க்கொண்டிருந்த அவள் புருஷன் வெள்ளத்துரையை வழிமறித்துப் போட்டுத்தள்ளினான். துரைப்பாண்டியின் வைக்கோல் படப்பைக் கொளுத்தி, உழவு மாட்டின் கண்ணைக் குத்திய ஆள் அந்த வெள்ளத்துரை. முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. அப்புறம் எத்தனை என்று அவனுக்கே நினைவில்லை.

செய்தது யாரென்று தெரியாமலே இருவர் வகையறாவும் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டு, மேலும் ஆறு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதை நிறுத்தியது இந்த விருந்துதான்.

வருஷா வருஷம் புருஷனின் திதியன்று முத்துமாரியம்மாள், சங்கரன்கோவில் வீட்டுக்கு இரு தரப்பையும் கூப்பிட்டு, பகையாளிக்குப் பக்கத்தில் பகையாளியை உட்காரவைப்பாள். பக்கத்து இலைக்காரனிடம் மனசில் கிடப்பதில் ஒன்றையாவது சொல்ல வேண்டும். சொன்னவன் இலையில்தான் சோறு விழும்.

முதல் வருஷம் முறைத்துக்கொண்டே பட்டினியாக எழுந்து போனவர்கள், மறுவருஷம் மழையைப் பற்றிப் பேசினார்கள். போன வருஷம் கட்டிப்பிடித்து அழுததாகக் கேள்வி. மூன்று தடவையும் சாக்குச் சொல்லித் தப்பித்த துரைப்பாண்டியை, இந்தத் தடவை மச்சினன் விடாப்பிடியாக இழுத்து வந்துவிட்டான்.

பக்கத்து இலையில் செத்தவரின் தம்பி சங்கரபாண்டி.

"எங்க அண்ணனக் கொன்னவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டா, நிம்மதியா உறங்கிருவேன் வே" என்றான் அவன். "சரி, நீரு சொல்லும்."

துரைப்பாண்டி கிணறு வற்றியதைப் பற்றி ஏதோ உளறினான். முத்துமாரியம்மாள் சோற்றுச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து பரிமாறினாள். அவள் இடது கை, கலியாணமான மறுவருஷமே ஒடிந்து கோணலாகக் கூடியது. வழுக்கி விழுந்ததாகச் சொல்வார்கள்.

சோற்றைப் பிசைந்தவனுக்கு வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கொன்றவன் செத்தவன் வீட்டு உப்பைத் தின்றால் பிறக்கிற பிள்ளை தங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வீட்டில் அவன் பெண்டாட்டிக்கு நிறைமாசம். தின்னாமல் எழுந்தாலோ, அத்தனை பேருக்கும் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிடும்.

"என்ன தம்பி, சாப்பிடாம இருக்கீக?"

துரைப்பாண்டி இலையை மடக்கினான். "முடியாது மதினி. அண்ணாச்சிய வெட்டுனது நான்தான்."

சங்கரபாண்டி விட்ட உதையில் சுவரில் போய் மோதினான். மண்டை உடைந்து ரத்தம் கண்ணை மறைத்தது. அடுப்படியிலிருந்து தூக்கிவந்த உலக்கை தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவன் மச்சினன்கூடக் குறுக்கே வரவில்லை.

"வெலகு சங்கரபாண்டி!" என்று கத்தினாள் முத்துமாரியம்மாள். "செத்தது எம் புருசன். இவன்கிட்ட நான்தான் பேசணும்."

நியாயம்தானே என்று சங்கரபாண்டி ஒதுங்கி, உலக்கையை அவள் கையில் கொடுத்தான். துரைப்பாண்டி கண்களை இறுக மூடிக்கொண்டான். பிள்ளை முகத்தைப் பார்க்காமலே சாகப்போகிறோமே என்று நினைத்தான்.

அடி விழவில்லை. முந்தானை ஒன்று அவன் நெற்றி ரத்தத்தைத் துடைத்தது. கண்ணைத் திறந்தால், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் கோணல் கையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாலு வருசமா ஒன்னத்தான் தேடுதேன் தம்பி" என்றாள். "பத்து வருசம் முந்தியே வெட்டியிருக்கக் கூடாதா?"