சம்மதத்துக்கு ஒரு சுற்று

“வலது பக்கம் திரும்புங்க. திரும்புறதுக்கு முன்னாடி கையைக் காட்டணும்.”

காட்டுக்குள் அவர்கள் இருவரையும் தவிர ஈ காக்கை இல்லை. இருந்தாலும் பேக்கரிக்காரர் மறுபேச்சில்லாமல் வலது கையை நீட்டினார். ஒற்றைக் கையில் பிடித்திருந்த சைக்கிள், பாதையில் கிடந்த வேரின் மேல் ஏறித் தடுமாறியது. பின்னால் வந்த தேர்வாளர் அதையும் கவனித்துக்கொண்டார்.

ஓட்டுநர் உரிமம் கேட்டு வருபவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஓட்டுவதைச் சோதிப்பதுதான் தேர்வாளரின் உத்தியோகம். வண்டி நிற்கும்வரை முடிவை முகத்தில்கூடக் காட்டமாட்டார். கல்யாண விஷயமாகப் பார்க்க வேண்டும் என்று பேக்கரிக்காரர் போனில் மென்று விழுங்கியபோது, “ஞாயித்துக்கிழமை காலையில சைக்கிளோட வாங்க. காடு, மேலே புல்வெளி, மறுபடியும் காடு. இருபத்தாறு கிலோமீட்டர் சுத்தி, கிளம்பின இடத்துக்கே வந்துடலாம். நாலு மணி நேரம் கரடுமுரடான பாதையில யாராலயும் நடிக்க முடியாது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கியர் வைத்த மலைச் சைக்கிளைப் பேக்கரிக்காரர் தொட்டதே நேற்றுத்தான். வாடகைக்கு எடுத்து, கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியிருந்தார். வேறு வழி? தினமும் சாயங்காலம் ரொட்டி வாங்க வந்து வந்தே அவர் மனசில் இடம்பிடித்தவள், கறாராகச் சொல்லிவிட்டாள்: “எங்க வீட்ல சரின்னு சொல்லணும். அந்த மனசை நோகடிச்சுட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேண்டாம்.”

ஏற்றம் தொடங்கியது. கேள்விகளும் தொடங்கின.

“காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?”

“மூணு மணிக்கு சார். மாவு பிசையணும்.”

“அப்போ வீட்ல மத்தவங்க தூக்கம்?”

“நான் எழுந்து போறது பூனைக்குக்கூடத் தெரியாது சார்.”

“கெட்ட பழக்கம்?”

பேக்கரிக்காரர் மூச்சு வாங்கியபடி யோசித்தார். “வேகாத மாவைக் கொஞ்சம் கிள்ளித் தின்பேன்.”

தேர்வாளர் சிரிக்கவில்லை. சைக்கிள் சங்கிலி மட்டும் கிரீச் கிரீச்சென்றது.

மேலே மரமே இல்லாத மேட்டுநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் குட்டைப் புதர்களும். காற்று ஆளைத் தள்ளியது. தேர்வாளர் முதல்முறையாக அவருக்குப் பக்கத்தில் வந்து ஓட்டினார்.

“வீட்ல நாங்க ரெண்டே பேருதான்” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “கல்யாணம் ஆகிப் போயிட்டா வீடு வெறிச்சுன்னு ஆயிடும். சைக்கிள் கத்துக்கணும்னு வீட்லயும் ரொம்ப நாள் ஆசை. விழுந்து அடிபட்டுடுமோன்னு பயந்து நான்தான் விடல. பொத்திப் பொத்தி வச்சிருந்தது தப்போன்னு இப்போ தோணுது.”

பேக்கரிக்காரருக்கு அவர்மேல் இருந்த பயம் போய், பாவமாக இருந்தது. “போகணும்னு யார் சார் சொன்னா? நான் உங்க தெருவுக்கே குடி வந்துடறேன். வீட்டைத்தானே மாத்தணும், கடையை இல்லையே.”

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தேர்வாளர் நிறுத்தினார்.

“நேரா போங்க. சுத்திப் போறதைவிட மூணு கிலோமீட்டர் மிச்சம்.”

நேராகப் போகும் பாதையின் ஓரத்தில் ஒரு பலகை இருந்தது. பறவைகள் முட்டையிடும் காலம், சைக்கிள்கள் நுழையக் கூடாது என்று எழுதியிருந்தது.

பேக்கரிக்காரரின் தொடைகள் இரண்டும் கழன்று விழுகிற நிலையில் இருந்தன. மூன்று கிலோமீட்டர் மிச்சம் என்பது காதில் தேனாகப் பாய்ந்தது. பலகையைப் பார்த்தார். தேர்வாளரைப் பார்த்தார். இந்த ஆளைப் பகைத்துக்கொண்டால் எல்லாம் போச்சு.

“மன்னிக்கணும் சார். நீங்க சொன்னாலும் நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். சுத்தியே போறேன்.”

“நான் சொல்றேன். போங்க.”

“வேண்டாம் சார். முட்டைமேல ஏத்திட்டா, அப்புறம் வருத்தப்பட்டு என்ன ஆகப்போகுது?”

சொல்லிவிட்டுச் சுற்றுப்பாதையில் மிதித்தார். காரியத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்றே நினைத்தார். மிச்ச தூரம் முழுக்க, அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்ற கவலையில் இறக்கத்தைக்கூட ரசிக்க முடியவில்லை. தேர்வாளர் பின்னாலேயே வந்தார்.

கிளம்பிய இடத்தில் வந்து இறங்கியதும் பேக்கரிக்காரர் சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்தார். சேறு தெறித்த கையை உதறிக்கொண்டு, “தப்பா ஏதாவது பேசியிருந்தா…” என்று ஆரம்பித்தார்.

தேர்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“பரீட்சையில நான் வேணும்னே தப்பான வழி சொல்வேன். பாதிப் பேர், எப்படியாவது தேறினாப் போதும்னு ஒருவழிப் பாதைன்னுகூடப் பார்க்காம திருப்பிடுவாங்க. எனக்காகத் தப்புப் பண்றவங்க, நாளைக்கு வேற யாருக்காகவும் பண்ணுவாங்க. நீங்க பண்ணல.”

பேக்கரிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “அப்போ…”

“பாடாப்படுத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க” என்ற தேர்வாளர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சம்மதம்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா அழுதுடுவேன். எங்கப்பா போய்ப் பதினஞ்சு வருஷம் ஆச்சு… உங்களை அப்பான்னு கூப்பிட வாய் பழக மட்டும் எனக்குக் கொஞ்ச நாள் கொடுங்க.”