கேட்டதற்கு மட்டும்

கேள்வி முடிவதற்குள் அவருடைய வாய் திறந்துவிட்டது.

"ஓம். ஒருக்கா மறியலிலை இருந்தனான். இஞ்ச வந்த புதுசிலை..."

மேசைக்கு அந்தப் பக்கம் துஷ்யந்தியின் பேனா நின்றது. முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு ஆள் எடுப்பவள் அவள்தான். அவருடைய கடைசித் தங்கையைவிடச் சின்னவளாக இருப்பாள். யன்னலுக்கு வெளியே கனடாவின் ஸ்காபரோ நகரத்து அழுக்குப் பனி குவிந்து கிடந்தது.

அவருக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது.

இந்த வாய்தான் முந்தைய வேலைகளையும் தின்றது.

நடந்தது நடந்ததுதான். ஒரு கார் தரிப்பிடத்தில், குடிவெறியில், ஒருவனுடைய கையைக் கிரிக்கெட் மட்டையால் முறித்தார். சிறைக்குப் போனார். வந்தபின் ஒரு சொட்டுக் குடி இல்லை, ஒரு வாய்த்தர்க்கம் இல்லை. போன வருடம் அரசாங்கமே மன்னிப்புக் கொடுத்து, அவருடைய குற்றப் பதிவைப் பூட்டி வைத்துவிட்டது. கடிதம் வந்த அன்று மனைவி உளுந்துவடை சுட்டாள்.

ஆனால் இந்த நாட்டில் அவர் முதன்முதலில் உட்கார்ந்த நாற்காலி, அகதி வழக்கு விசாரணை நாற்காலி.

"ஒண்டையும் ஒளிக்காதையுங்கோ. ஒளிச்சது பிடிபட்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

மொழிபெயர்க்க வந்தவர் அன்று உருவேற்றிவிட்ட பாடம் அது. விசாரித்தவர்கள் கேட்டதை இவர் சொன்னார். கேட்காததையும் சொன்னார். நாட்டில் இருக்க விட்டார்கள்.

அன்றிலிருந்து, எதிரே யார் பேனாவோடு இருந்தாலும் அவருக்கு நீதிபதிதான்.

பேக்கரியில் சொன்னார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சொன்னார். எல்லாரும் நல்ல மனிதர்கள். கைகொடுத்து, சிரித்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை.

இதுவும் போனால் மனைவி தன் இரண்டாவது வேலையை விட முடியாது. அவளுடைய முழங்கால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது.

அவர் மிச்சத்தையும் சொல்ல மூச்சை இழுத்தார். பாதியில் நிறுத்தினால் ஒளித்ததாகிவிடுமே.

"அண்ணை."

துஷ்யந்தி கையை உயர்த்தியிருந்தாள்.

"மன்னிப்புக் கிடைக்காத குற்றம் ஏதும் இருக்கோ எண்டுதான் நான் கேட்டனான். கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லுங்கோ."

குரலில் கோபம் இல்லை. இரக்கமும் இல்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

கேள்வியை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார்.

மன்னிப்புக் கிடைக்காத குற்றம்.

கிடைத்துவிட்டதே.

"இல்லை," என்றார்.

அந்தச் சொல்லில் பொய் எங்கே என்று தேடினார். அகப்படவில்லை. இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கலாம் போல இருந்தது.

"இல்லை, தங்கச்சி."

அவள் அதை மட்டும் எழுதினாள். அவர் கொட்டிய அரைக்கதையைக் காதில் விழாததுபோல் தாண்டி, அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அப்பாடா என்று இருந்தது. நாற்காலிக்கு முதுகும் உண்டு என்பதை அவர் அப்போதுதான் கண்டுபிடித்தார். சாய்ந்துகொண்டார். வந்ததிலிருந்து கழற்றாத தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

பிறகு அவள் காய்கறி வெட்டும் மெஷினைப் பற்றிக் கேட்டாள். காலை வேலைக்கு வர முடியுமா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லில், இரண்டு சொல்லில் பதில் வந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே அது பிடித்துப்போயிற்று.

"வழுக்காத சப்பாத்து நாங்கள்தான் குடுக்கிறது," என்றாள் துஷ்யந்தி. "திங்கக்கிழமைக்கு எடுத்து வைக்க வேணும். உங்களுக்கு என்ன சைஸ்?"

"ஒன்பது."

இடது பாதம் கொஞ்சம் பெரிது. அதற்கும் ஒரு கதை உண்டு.

அவர் சொல்லவில்லை.