ரெத்தினத்தின் கட்டு

நில உச்சவரம்புச் சட்டம் வந்த வருஷம், அறுப்புத் தகராறில் இராஜாங்கத்தின் தம்பி ரெத்தினம் காணாமல் போனான். அதற்குப் பிறகு இராஜாங்கம் ஊரில் இருக்கவில்லை. நாகூர்ப் பக்கம் வந்து, தூண்டில் போடுகிற கட்டுமரக்காரர்களிடம் வேலை கேட்டார். வயல்காட்டு ஆளைக் கடலுக்கு விட அவர்கள் தயங்கினார்கள். அவர்களில் ஒருவரான தேசிங்குதான், "வரட்டுமே, சத்தமில்லாத ஆளு" என்று ஒற்றை ஆள் மரம் ஒன்றைக் கொடுத்தார்.

அன்று காலை எல்லோரும் கரை தெரிகிற தூரத்தில் பரவி நின்றார்கள். இராஜாங்கத்தின் தூண்டில் கனத்தது. இழுத்தார். ஒரு நெற்கட்டு வந்தது. தாள் பச்சையாக இருந்தது. கதிரில் வெயில் சூடு இருந்தது. எங்கும் ஈரமில்லை. கட்டிய வைக்கோல் பிரி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. அப்படி முறுக்குகிறவன் இடக்கைக்காரனான ரெத்தினம் ஒருத்தன்தான்.

அவருக்கு அழுகை வரவில்லை. கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து மரத்திலிருந்து தேசிங்கு கேட்டார். "வந்துடுச்சா?"

"என்னங்க இது?"

"தெரியலைங்க. எனக்கு எங்கப்பாவோட துடுப்பு வந்துச்சு. கரைக்கு மட்டும் கொண்டு போகாதீங்க. தண்ணியிலேயே விட்டுருங்க."

மற்றவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வயலில் தம்பியின் தலைக்குச் சுமை தூக்கிவிடுகிற மாதிரி, இராஜாங்கம் இரண்டு கையாலும் கட்டை மெல்லத் தண்ணீரில் இறக்கினார். அது மிதக்கவில்லை, மூழ்கவுமில்லை. தண்ணீருக்கடியில் கொஞ்சம் ஆடி நிதானப்பட்டது. பிறகு கரையைப் பார்த்து, ஆள் நடக்கிற வேகத்தில் போகத் தொடங்கியது.