முன்னூறாவது படி

கிட்ட வந்து குந்துங்க. இது சத்தமாச் சொல்ற கதை இல்ல. சம்பந்தப்பட்டவர் திருத்தணி பஜார்ல இன்னிக்கும் கார்ல போய்க்கினுதான் இருக்கார்.

ஹேமநாதன்னு பேரு. புதுசாக் கல்யாண மண்டபம் கட்டி, 'அன்னம்மாள் மஹால்'னு பெத்த தாய் பேரையே வெச்சார். ஊரே புல்லரிச்சுப் போச்சு. அந்த அன்னம்மாள் மட்டும் கே.ஜி.கண்டிகையில, சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுல, தனியாக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சுக்கினு இருந்தாங்க.

மண்டபத்து வாசல்ல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பொம்மை வைக்கணும்னு அவருக்கு ஆசை. அம்மாவை முதுகுல சுமந்துகினு மலைப்படி ஏறுற மகன். வர்ற ஜனம் பார்த்து மூக்கு மேல விரல் வைக்கணும்.

ஸ்டேஷன் ரோட்டுல பிரபாவதி இருக்கா இல்ல, அவகிட்ட போனார். பாலிமர் க்ளேன்னு ஒரு மண்ணு. அதைச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைஞ்சு, ஊசி முனையால முகச் சுருக்கம் வரைக்கும் கீறி, ஓவன்ல சுட்டு எடுப்பா. கல்யாண ஜோடி, ரிட்டையர் ஆன வாத்தியார், செத்துப்போன நாய்க்குட்டி, எது கேட்டாலும் அச்சு அசல்.

அன்னம்மாளைப் படம் பிடிக்கக் கண்டிகைக்குப் போனா. அந்தம்மா முகத்தைக் காட்டினதோட நிக்கல, மனசையும் திறந்துட்டாங்க. அஞ்சு வருஷம் முன்னாடி மகன் மூச்சு விட முடியாம ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, இவன் பொழைச்சு வந்தா படியேறி வரேன்னு முருகனுக்கு வேண்டிக்கினாங்களாம். மகன் பொழைச்சான். இவங்க முட்டி போச்சு. ஒவ்வொரு கிருத்திகைக்கும் மலைக்குக் கூட்டிக்கினு போப்பான்னு கேக்கறாங்க. அடுத்த கிருத்திகை பார்க்கலாம்ன்றான்.

"கண்ணை மூடறதுக்குள்ள இதை முடிச்சுடணும் தாயி. பொம்மையில ஏறினா முருகன் ஒத்துப்பாரா?"

பிரபாவதி எல்லாப் பக்கமும் படம் பிடிச்சுக்கினு கிளம்பினா. ரெண்டு வாரம் கழிச்சு ஹேமநாதனுக்குப் போன் போட்டா.

"சார், அம்மா முகம் வந்துடுச்சு. உங்க கழுத்துதான் வர மாட்டேங்குது."

"கழுத்துக்கு என்னா?"

"பாரம் தூக்கினா நரம்பு எப்படிப் புடைக்குதுன்னு பார்க்கணும். சும்மா நிக்கிற போட்டோவை வெச்சு செஞ்சா, அம்மா காத்துல தொங்கற மாதிரி இருக்கும். பார்க்கறவங்க கண்டுபிடிச்சுடுவாங்க. ஓவன்ல வெச்சுட்டா அப்புறம் நெளிக்க முடியாது சார்."

அந்தக் 'கண்டுபிடிச்சுடுவாங்க' அவரை நல்லாவே குத்திச்சு.

மண்டபத்து மாடியில பத்துப் படி தூக்கிக் காட்டறேன்னார். பத்துப் படிக்கு வேர்க்காதுன்னா. சிமெண்ட் மூட்டை தூக்கறேன்னார். மூட்டை கழுத்தைக் கட்டிப் பிடிக்காதுன்னா. சரி, கூலிக்கு ஒரு ஆளைப் பிடிச்சு அம்மாவைத் தூக்கவிட்டுப் படம் எடுத்துக்கோன்னார்.

"எடுத்துக்கலாம் சார். பெட்டிக்குள்ள அந்த ஆள் கழுத்துதான் இருக்கும். பரவாயில்லிங்களா?"

நம்மாளு வழிக்கு வந்துட்டார்.

"எத்தினி படி ஏறணும்?"

"முன்னூறைத் தாண்டினாத்தான் அந்த முகம் வரும். மொத்தமே முன்னூத்தி அறுபத்தஞ்சுதானே."

ஞாயித்துக்கிழமை காலையில ஏறினாங்க. மகன் முதுகுல அம்மா, நாலு படி முன்னாடி போனும் கையுமாப் பிரபாவதி. முதல் அம்பது படி நம்மாளு சிரிச்சுக்கினேதான் ஏறினார். சித்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க பார்த்துட்டு, 'பங்காரு கொடுகு'ன்னு கன்னத்துல போட்டுக்கினாங்க. தங்கப் பிள்ளையாம். மீசை துடிச்சுது அவருக்கு.

நூறு தாண்டினதும் சிரிப்பு நின்னுச்சு. அப்புறம் இருபது படிக்கு ஒருக்கா குந்தறதும் எழுந்திருக்கறதுமா, சட்டை பிழிஞ்சு எடுக்கற மாதிரி ஆச்சு.

"எடுத்துட்டியாம்மா?"

"இன்னும் கொஞ்சம் சார். நரம்பு இப்பத்தான் தலை காட்டுது."

அன்னம்மாள் வாய்க்குள்ளயே படியை எண்ணிக்கினு வந்தாங்க. அஞ்சு படி மிச்சம் இருக்கச்சொல்ல, "இறக்கி வுடு நைனா"ன்னாங்க. மகன் கையைப் பிடிச்சுக்கினு, யாரோ மஞ்சள் குங்குமம் பூசியிருந்த அந்த அஞ்சு படியையும் தன் காலாலயே மிதிச்சாங்க. உள்ள போய் சாமியைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதாங்க. மகன் தூண்ல சாஞ்சு தண்ணி கேட்டார்.

திரும்பறதுக்குக் கார் மலை மேலயே வந்து நின்னுச்சு. பொம்மையில இறங்கற கட்டம் இல்லியே.

"எப்பத் தருவே?"

"சுட்டு ஆறணும் சார். ஒரு வாரம் ஆகும்."

வீட்டுக்கு வந்த பிரபாவதி பீரோவைத் திறந்து, துணியில சுத்தி வெச்சிருந்த பொம்மையை எடுத்தா. போன வெள்ளிக்கிழமையே சுட்டு ஆறினது. குனிஞ்ச முதுகு, புடைச்ச நரம்பு, ஒரு குறையும் இல்ல. அரக்கோணம் ஸ்டேஷன்ல மூட்டை தூக்கற ஒருத்தரோட கழுத்து அது.

ஒண்ணை மட்டும் பாக்கி வெச்சிருந்தா. வார்னிஷ் பாட்டிலைத் திறந்து, மெல்லிசான பிரஷ்ஷால தொட்டு, ஹேமநாதன் நெத்தியில நாலு சொட்டு வேர்வை வெச்சா.