மூலை மேஜை

"இந்தக் கண்றாவியை இன்னுமா பார்க்கறே?" என்றாள் மனைவி கிளெனிஸ், கம்பளிப் பின்னலிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

எம்ரிஸ் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். மணி ஏழரை. 'துறைமுகத் தெரு' தொடர் தொடங்கிவிட்டது.

"செத்துப்போன கசாப்புக் கடைக்காரன் ரெண்டு தடவை உயிரோட வந்துட்டான். அவன் பெண்டாட்டிக்கு மூணு தடவை ஞாபகம் போச்சு. நாலாவதா எனக்குத்தான் போகணும்!"

அவள் சொன்னது நியாயம்தான். இருபத்தெட்டு வருஷத் தொடர். ஒரு காலத்தில் ஏழரை ஆனால் அவர்கள் ஊரான லனெல்லியில் தெருவே வெறிச்சோடும். இப்போது யார் யாருக்கு அண்ணன் என்று எழுதுகிறவர்களுக்கே தெரியவில்லை.

கதை எக்கேடு கெட்டால் எம்ரிஸுக்கு என்ன? பப் காட்சி வந்தால் போதும். பின்னால், மூலை மேஜையில், வசனமே இல்லாமல், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருப்பாள் கேரிஸ். அவர்களுடைய ஒரே மகள்.

ஆறு வருஷம் முன்பு, நடிக்கப் போகிறேன் என்று கார்டிஃப் நகரத்துக்குக் கிளம்பியவளிடம், "போனா திரும்பி வராதே" என்று சொன்னவள் கிளெனிஸ். மகளுக்கும் அதே வீம்பு. வரவே இல்லை. அன்று நடுவில் வாயைத் திறக்காமல் நின்ற வெட்கத்தில், எம்ரிஸும் ஒரு கடிதம் போடவில்லை.

வாரத்துக்கு இரண்டு முறை, சில நொடிகள். அதற்காகத்தான் அவர் ஏங்கிக் கிடந்தார். கிளெனிஸுக்குத் தெரிந்தால் டிவியையே அணைத்துவிடுவாள் என்று பயம். பப் காட்சியில் மட்டும் அவளுடைய பின்னல் ஊசிகள் நின்றுவிடும். அடுத்த கிண்டலுக்கு யோசிக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்.

ஜனவரியில் பேப்பரில் போட்டிருந்தார்கள். பார்க்க ஆளில்லையாம், மே மாதத்தோடு தொடர் முடிகிறதாம்.

"நல்லதாப் போச்சு. பிணத்தை எத்தனை நாள் நடுவீட்டுல வச்சிருப்பாங்க?"

எம்ரிஸ் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை.

அந்த வாரமே கிளெனிஸ் கரும்பச்சை நூல் வாங்கி ஒரு ஸ்வெட்டர் ஆரம்பித்தாள்.

"கை இவ்வளவு நீளமா இருக்கே, யாருக்கு?"

"சர்ச் விற்பனைக்கு. உன்னையா போட்டுக்கச் சொன்னேன்?"

பிப்ரவரியில் அது வீட்டை விட்டுப் போனது. அவரும் மறந்துபோனார்.

மே மாதம். கடைசிப் பகுதி. கசாப்புக் கடைக்காரன் மூன்றாம் முறையாகச் செத்தான். அடுத்து பப்.

எம்ரிஸ் நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டார். இனி இந்த முகத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

மூலை மேஜையில் கேரிஸ் இருந்தாள். பின்னால் உட்காருகிறவர்கள் சொந்த உடுப்பில்தான் வரவேண்டும். அவள் கரும்பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள். அதன் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டு, மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

எம்ரிஸ் சட்டென்று திரும்பினார்.

ஊசிகள் நின்றிருந்தன. கிளெனிஸின் கண்கள் திரையை விட்டு அகலவில்லை.

"கை நீளம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.