பதினாலாவது கார்டு

“தோத்த ஆட்டத்தையே இன்னும் எத்தனை தடவை தோப்பேள்?” என்றாள் காமாக்ஷி.

சேஷு நிமிரவில்லை. மதராஸ்காரர் ஒருவருடன் தபால் கார்டிலேயே ஒன்றரை வருஷம் ஆடிய சதுரங்கம் அது. எங்கே சறுக்கினோம் என்று தெரியாவிட்டால் அடுத்த ஆட்டமும் போய், போட்டியை விட்டே வெளியேற வேண்டியதுதான். அதற்காகவே ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, வந்த கார்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு காய்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

“ராணியைப் பறிகொடுத்தேனே, அங்கதான் தப்பு” என்று முனகினார்.

“இல்லை சாப், அதுக்கு நாலு மூவ் முன்னாடி” என்று இந்தியில் ஒரு குரல். வாசலில் பாண்டே நின்றிருந்தார். “பதினாலாவது கார்டுல குதிரையை அவசரப்பட்டு எடுத்தீங்க. அதைத் தொடாம இருந்திருந்தா ராணி பிழைச்சிருக்கும்.”

சேஷு குதிரையைப் பழைய இடத்தில் வைத்துப் பார்த்தார். ராணி மட்டுமல்ல, ஆட்டமே பிழைத்தது.

“பாண்டேஜி, இதை நான் யாருக்கும் காட்டினதில்லையே?”

“உங்க மூவையும் எழுதித்தானே அவர் பதில் போடறார்? வீட்டுல நானும் ஒரு பலகை வச்சு ஆடிக்கிட்டே வந்தேன்.”

பாண்டே தோளில் தொங்கிய தபால் பைக்குள் கையை விட்டு, ஒரு கார்டை எடுத்து நீட்டினார்.

“அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சுட்டார், சாப்.”

சேஷு எழுந்து நின்று, அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.