மாப்பிள்ளைத் தோழன்

"உவன் ஆர்?"

தங்கமுத்து போனை நீட்டினார். படத்தில் நிரோஜினி எவனோ ஒருவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கலியாணத்துக்கு இன்னும் நாலே நாள். கேட்பது வருங்கால மாமியார்.

"பக்கத்து வீட்டுக் கீர்த்திகன், மாமி. சின்னனிலையிருந்து சிநேகிதம். உங்கடை வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு அலுவலாய் வந்தனாங்கள்."

"நீர் சிநேகிதமெண்டுவீர். சனம் வேறை பேர் வைக்கும். உந்தப் படம் என்ரை மகள் சாருஜாவின்ரை போனிலை கிடந்தது. அவள் பாவம், வாயே திறக்கேல்லை. நான்தான் கண்டுபிடிச்சன்."

சாருஜாவின் பேரைக் கேட்டதும் நிரோஜினி பக்கத்து வீட்டு மதில் பக்கம் பார்த்தாள். ஊர் முழுக்கக் கலியாணக் காட் கொடுத்து முடித்திருந்த அவளது தகப்பன் தங்கமுத்துவுக்கு அவசரமாகக் கதிரை இழுத்துப் போட்டார்.

தங்கமுத்து லேசுப்பட்ட ஆளில்லை. தீர்ப்பையும் கையோடு கொண்டுதான் வந்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்க வேண்டியவன் பெண்ணின் சகோதரன். நிரோஜினியோ ஒற்றைப் பிள்ளை.

"உந்தப் பெடியன் தோழனாய் நிக்கட்டும். சபையிலை மாப்பிள்ளையின்ரை கால் கழுவி, பொம்பிளையின்ரை அண்ணையெண்டு மோதிரம் வாங்கட்டும். மாட்டனெண்டால் கலியாணமும் இல்லை."

மதிலுக்கு மேலால் கூப்பிட்டதும் கீர்த்திகன் வந்தான். விஷயத்தைக் கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஓம் மாமி, நிக்கிறன்" என்றான். "ஆனால் நான் அண்ணையெண்டதைச் சபையிலை நீங்களே உங்கடை வாயாலை சொல்லவேணும்."

"அதுக்கென்ன, வடிவாய்ச் சொல்லுறன்."

கலியாண மண்டபத்து வாசலில் கீர்த்திகன் தலைப்பாகையோடு குனிந்து மாப்பிள்ளை கோபிசங்கரின் கால்களைக் கழுவினான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட்டபோது கீர்த்திகன் உதட்டைக் கடித்துக்கொண்டான். கண்ணும் கலங்கிப் போயிருந்தது. தங்கமுத்துவுக்கு உள்ளூரச் சரியான சந்தோஷம். காதல் கீதல் ஏதும் இருந்திருந்தால் அது இந்தத் தண்ணீரோடு போய்விட்டது என்று நினைத்தார்.

தாலி கட்டி முடிந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. வந்த சனம் முழுவதற்கும் அவனைக் காட்டிக் காட்டிச் சொன்னார். "இவர் பொம்பிளையின்ரை அண்ணை. கூடப்பிறந்த மாதிரி."

பந்தி முடிகிற நேரம், சொந்தக்காரர் சூழ இருந்த தங்கமுத்துவுக்கு முன்னால் கீர்த்திகன் வந்து நின்றான். கொஞ்சம் தள்ளி, மாப்பிள்ளையின் தங்கை, பொம்பிளைக்குத் தோழியாக நின்ற சாருஜா தன் காப்பை உருட்டிக்கொண்டிருந்தாள். நிரோஜினி மணவறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமி, நான் அண்ணைதானே?"

"அதிலை என்ன தம்பி சந்தேகம். இவ்வளவு பேருக்கும் சொல்லிப்போட்டன்."

"தங்கச்சியை உங்கடை மகனுக்குத் தந்திட்டன், மாமி. அண்டைக்கு அந்தப் படத்தை எடுத்த சாருஜாவை இனி எனக்குத் தாங்கோ."